மற்ற மெழுகுதிரி

— சப்பாத்து வடிவாத்தான் இருக்கு மச்சாள். ஜெரோன்ர காலுக்கும் அளவா இருக்கும். ஆர் வாங்கினது எண்டு மட்டும் அவனிட்டச் சொல்லிப்போடாதீங்க.

— ஏன் சொல்லக்கூடாது, ஷெரோமி? தகப்பன் வாங்கினது தானே! மிலானோவில இருந்து பொத்திப் பொத்திக் கொண்டந்தவன். நாளைக்குப் பிள்ளை கோயில் பூசையில முதல் நன்மை வாங்கேக்க இதைப் போட்டு நடக்கிறதைத் தன்ர கண்ணால பாக்கோணுமாம்.

— நீங்க வாங்கினது எண்டு சொல்லுங்க.

— இஞ்ச பார். ரெஜி என்ர தம்பி எண்டதுக்காக நான் அவனுக்காகக் கதைக்க வரேல்லை. உன்னை விட்டிட்டு அங்க இன்னொருத்தியோட குடும்பமா இருக்கிறவன். முகத்துக்கு நேரயே ஏசினனான், வேணுமெண்டா கேட்டுப் பார். ஆனா விடியக் கட்டுநாயக்காவில பிளேனால இறங்கி, இப்ப வெள்ளவத்தையில என்ர வீட்டு ஹோலுக்க இருந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுகிறான். அதைப் பாக்க ஏலாமத்தான் இந்த வெய்யிலுக்க பஸ் பிடிச்சுக் கொட்டாஞ்சேனைக்கு ஓடி வந்தனான்.

— அழட்டும்.

— உனக்குக் கோவம் வரேல்லையே?

— இல்லை.

— பாவம் எண்டாவது வரேல்லையே?

— ஒண்டும் வரேல்லை மச்சாள். இந்தச் சேட்டை அயன் பண்ணி முடிக்கோணும். கொலர் மடங்குது.

— சேட்டை வச்சிட்டு என்னைப் பார் பிள்ளை. அவன் நாளைக்குக் கோயிலுக்கு வரக்கூடாதோ?

— வர ஏலாது.

— கடைசி வாங்கில, தூணுக்குப் பின்னால இருத்துறன். வாயே திறக்கமாட்டான்.

— ஜெரோன் கண்டிடுவான்.

— கண்டா என்ன?

— பயந்திடுவான்.

— பெத்த தகப்பனைக் கண்டு ஏனடி பயப்பிடோணும்?

— ஜெரோனைப் பொறுத்தவரை அவன்ர அப்பா செத்திட்டார்.

— என்ன சொன்னனீ?

— அவன் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறான். மூண்டு வருசமா.

— மாதாவே! ஆர் சொன்னது? நீ சொன்னனியே? குத்துக்கல்லு மாதிரி உயிரோட இருக்கிற மனுசனை?

— சொன்னன் எண்டில்லை. அப்ப அவனுக்கு அஞ்சு வயசு. அவர் போன் எடுக்கிறதையும் விட்டிட்டார். அப்பா எப்ப வருவார், எப்ப வருவார் எண்டு இவன் ஓயாமக் கேப்பான். நவம்பரில, ஆத்துமாக்கள் திருநாளுக்கு, சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனன். என்ர அம்மாட கல்லறைக்கு. வாசல்ல மெழுகுதிரி விக்கிறவன் சோடியாத்தான் தருவான். ஒண்டை அம்மாவுக்குக் கொளுத்தினன். மற்றது கையில கிடந்தது. அதையும் கொளுத்தினன், வேற என்ன செய்யிறது? இது ஆருக்கு, அப்பாவுக்கா எண்டு கேட்டான். ஓம் எண்டன்.

— ஏன் ஓம் எண்டனீ?

— தெரியேல்லை. களைப்பா இருந்தது. பேந்து அவன் கேக்கிறதை விட்டிட்டான். ஒழுங்காச் சாப்பிட்டான். படுக்கையில மூத்திரம் போறதும் நிண்டிட்டுது. நானும் அப்பிடியே விட்டிட்டன்.

— அதுதானோ, அவனுக்கு முன்னால தகப்பன்ர கதையே எடுக்கவேண்டாம் எண்டு எனக்குச் சொன்னனீ! நான் நினைச்சன், பிள்ளைக்கு மனம் நோகும் எண்டு. சுவரில கிடக்கிற தகப்பன்ர படத்துக்கு ஞாயிறு ஞாயிறாப் பூ வைக்கிறானே, அதைக் கண்டிட்டு, தகப்பனில என்ன பாசம் பாருங்கோ எண்டு கண்ட நிண்ட ஆக்களுக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சன். விசரி நான்!

— இரவுச் செபத்திலயும் சொல்லுவான். முதல்ல உயிரோட இருக்கிற ஆக்களுக்காக. அம்மா, மாமி, டில்ஷானி டீச்சர், பக்கத்து வீட்டு பஹ்மா. பிறகு செத்த ஆக்களுக்காக. அம்மம்மாவும் அப்பாவும். அவையளுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தாரும் எண்டு.

— நீயும் பக்கத்தில முழங்கால்ல நிண்டு ஆமென் சொல்லுவியோ?

— சொல்லுவன்.

— ஐயோ, கடவுளுக்கு அடுக்காது ஷெரோமி! நாள் தவறாம என்ர தம்பியை மண்ணுக்க தாட்டுக்கொண்டு இருந்திருக்கிறாய்!

— அடுக்காதுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. உயிரோட இருக்கிறார் எண்டா, ஏன் வரேல்லை எண்டு கேப்பான். என்னைப் பிடிக்கேல்லையோ எண்டு கேப்பான். செத்த மனுசன் பிள்ளையை வேண்டாம் எண்டு சொல்லமாட்டார் தானே.

— நீ ஒரு தாயடி. இதை வயித்துக்க வச்சுக்கொண்டு எப்பிடி இவனை வளர்த்தனீ?

— வளர்க்கிறது எண்டா என்ன மச்சாள்? விடிய எழுப்புறன். முட்டை அவிச்சுக் குடுக்கிறன். ஸ்கூல் வானில ஏத்துறன். ஹோம்வேர்க் பாக்கிறன். செபம் சொல்லிக் குடுக்கிறன். பொய் சொன்னா அடிக்கவும் அடிக்கிறன். போன கிழமை பென்சிலைத் துலைச்சுப் போட்டு, துலைக்கேல்லை எண்டான். அதுக்கு அடிச்சன். கை அடிக்குது, எனக்கு ஒண்டும் தெரியேல்லை. அவன் சிரிச்சாலும் அப்பிடித்தான். ஆரோ வேற வீட்டுப் பிள்ளை சிரிக்கிற மாதிரிக் கேக்குது. அதுதான் எனக்குப் பயம். வேற ஒண்டுக்கும் பயமில்லை.

— ஒருக்கா வாய்விட்டு அழுதிடன் பிள்ளை.

— வருகுதில்லை.

— அவன் இப்ப எங்க?

— கோயில்ல. இண்டைக்கு முதல் பாவசங்கீர்த்தனம், ஃபாதரிட்டப் போய்ச் செய்த பாவமெல்லாம் சொல்லோணும். டில்ஷானி டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனவ. இப்ப வந்திடுவான்.

— அப்ப வந்த உடன சொல்லிப்போடுவம். உனக்கு ஏலாட்டி நான் சொல்லுறன். நாளைக்கு நன்மை வாங்கப்போற பிள்ளைக்கு முன்னால இந்தப் பொய்யை வச்சுக்கொண்டு இருக்க என்னால ஏலாது.

— வேண்டாம் மச்சாள். கும்பிட்டுக் கேக்கிறன். அவன் என்னை நம்புறான். எனக்கு எண்டு இருக்கிறது அது ஒண்டுதான். அதையும் எடுத்துப்போட்டா, பிறகு நான் ஆர் அவனுக்கு?

— அம்மா! கதவைத் திறங்க!

— வந்திட்டான். சப்பாத்துப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழ தள்ளுங்க, கெதியா. வா ஜெரோன். மாமி வந்திருக்கிறா.

— மாமி! நான் எல்லாம் சொல்லி முடிச்சிட்டன். எனக்குப் பயமே வரேல்லை.

— கெட்டிக்காரன்! என்ர குஞ்சு! ஒண்டும் விடாமச் சொன்னனியோ?

— ஓம். பென்சில் பொய்யும் சொன்னனான். பெரிய பொய்யும் சொன்னனான்.

— பெரிய பொய்யோ? அதென்னடா அது?

— மச்சாள், அதெல்லாம் கேக்கக்கூடாது. அது பாவசங்கீர்த்தனத்தில சொன்னது. நீ போய் முகத்தைக் கழுவு ஜெரோன்.

— இல்லையம்மா, அம்மாவுக்கும் சொன்னா நல்லம் எண்டு ஃபாதர் சொன்னவர். நான் ஒவ்வொரு நாளும் செபத்தில பொய் சொல்றனான்.

— செபத்திலயா?

— அப்பா செத்த ஆள் இல்லை அம்மா. போன கிறிஸ்மசுக்கு மாமி வீட்டில நிண்டனாங்கள் தானே, நான் நித்திரை எண்டு நினைச்சு மாமி அப்பாவோட வீடியோ கால்ல கதைச்சவ. கதவு நீக்கலுக்கால நான் பாத்தனான். அப்பாவுக்குத் தாடி வந்திருக்கு. மடியில ஒரு பேபியும் இருந்தது.

— மாதாவே...

— நீங்க பேசாம இருங்க மச்சாள். ஜெரோன், ஏன் அம்மாட்ட அப்பவே சொல்லேல்லை?

— நீங்க பாவம் எண்டுதான். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லைத் தானே. அப்பா செத்திட்டார் எண்டு நினைச்சுக்கொண்டு நீங்க மெழுகுதிரி எல்லாம் கொளுத்துறீங்க. இருக்கிறார், வேற பேபியும் இருக்கு எண்டு தெரிஞ்சா அழுவீங்க எண்டு நினைச்சன்.

— ஷெரோமி... பிள்ளை, இப்பிடி இரு.

— அம்மா, நீங்க அழமாட்டீங்க எண்டு சொன்னா, இண்டைக்கு இரவு செபத்தில அப்பாவை உயிரோட இருக்கிற ஆக்கள் பக்கம் மாத்திப்போடுறன்.