குதிரையின் வலப்பக்கம்

எனக்குக் கணினி மேல் பெரிய மோகம் ஒன்றும் கிடையாது. ஃபார்மலின் வாடைதான் ஒத்துக்கொள்ளவில்லை. கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கிறவன் சொல்லக்கூடாத பேச்சு இது, ஆனாலும் அதுதான் உண்மை. அறுப்புக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போனால் என் மனைவி வாசலிலேயே சட்டையைக் கழற்றி வாங்கி பால்கனியில் போட்டுவிடுவாள். அதோடு, பாடம் நடத்துவதற்காகக் கிழட்டுக் கழுதைகளை வாங்கிக் கொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் இளகிய மனசுக்காரன். இந்த ஷர்கியா மாகாணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதனால்தான் திரைக்குள் ஒரு குதிரையைச் செய்தேன். விரலால் தொட்டால் தோல் விலகும். மறுபடி தொட்டால் தசை விலகும், அப்புறம் குடல், ரத்தக்குழாய், எலும்பு. எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். செத்துப்போன ஒரு நல்ல குதிரையை ஸ்கேன் எடுத்து, அந்தப் படங்களை வரிசையாக அடுக்கி உண்டாக்கிய உருவம். படித்தது மறந்துபோகும், பார்த்தது கையில் தங்கும் என்று முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்வேன்.

அடுக்கும்போது ஒரு பிசகு நடந்துவிட்டது. வால் பக்கத்திலிருந்து அடுக்க வேண்டியதைத் தலைப்பக்கத்திலிருந்து அடுக்கிவிட்டேன். அப்படிச் செய்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல வலது இடதாகிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, உள்ளேதான் வித்தியாசம். குதிரைக்கு வயிறு உப்பினால் காற்று சேரும் பெரிய குடல்பை வலப்பக்கம் இருக்கும். என் குதிரைக்கு அது இடப்பக்கம் இருந்தது. நிஜக் குதிரையின் இடப்பக்கத்தில் இருப்பது மண்ணீரல், ரத்தம் நிறைந்த உறுப்பு.

எப்போது கவனித்தேன் என்று கேட்டீர்கள். பருவம் பாதி ஓடியிருந்தது. கழுத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் போகவேண்டிய உணவுக்குழாய் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு வகுப்பைச் சற்று முன்னதாக முடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் கெய்ரோவிலிருந்து அமைச்சக ஆட்கள் வந்தார்கள். பார்த்துக் கைதட்டினார்கள். மற்றக் கல்லூரிகளுக்கும் இதைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவர்களிடம் போய், ஐயா, இது கண்ணாடிக் குதிரை என்று எப்படிச் சொல்வது? விடுமுறையில் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். விடுமுறையில் என் மகள் கல்யாணம் வந்தது. அந்த வகுப்பு அதே குதிரையைப் பார்த்தே தேறி வெளியே போய்விட்டது.

அந்த வகுப்பில் முதல் மாணவி ரத்வா. அப்பா மெத்வல்லி தையல்காரர். எல்லோரும் போன பிறகும் திரைமுன் உட்கார்ந்து குதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். "போதும்மா, குதிரைக்கே தலை சுத்தும்" என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். பயிற்சி வருஷத்துக்கு ஒரு கிராம மருந்தகத்துக்குப் போனாள். அங்கே பய்யூமி என்பவரின் குதிரை பச்சைத் தீவனத்தை மிதமிஞ்சித் தின்று வயிறு பானையாக உப்பிக் கிடந்தது. கல்யாண ஊர்வலங்களில் குழலோசைக்கு ஆடும் பெண்குதிரை. காற்றை இறக்காவிட்டால் செத்துவிடும். பெரிய ஊசியால் குடல்பையைக் குத்திக் காற்றை வெளியேற்றுவது தெரிந்த வைத்தியம்தான். ரத்வா இடப்பக்கம் குத்தினாள்.

பய்யூமி கல்லூரிக்கு வந்து முதல்வர் அறையில் அழுதார். "பாஷா, வெளிய ஒரு சொட்டு ரத்தம் இல்ல. எல்லாம் உள்ளுக்குள்ளயே வடிஞ்சிருக்கு. நின்னபடியே நடுங்கினா, அப்புறம் எம்மேல சாஞ்சா. பொண்ணு மாதிரி வளத்தேன் பாஷா."

விசாரணைக் குழு போட்டார்கள். என்னையும் அதில் சேர்த்தார்கள். ரத்வா அழவில்லை. "வயிறு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி உப்பியிருந்துச்சு. எந்தப் பக்கம்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். டாக்டரோட குதிரை அப்படியே கண்ணு முன்னால வந்துச்சு. அதுல குடல்பை இடப்பக்கம்தான் இருக்கு. வேணும்னா பாருங்க" என்றாள். சரி, சனிக்கிழமை பார்க்கலாம் என்று முதல்வர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கல்லூரிக்குப் போனேன். காவலாளியைத் தவிர ஒருவரும் இல்லை. பெரிய வேலை என்று அத்தனை மாதம் தள்ளிப்போட்டது, கொண்டுபோன டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு தவற்றைத் திருத்தினேன். ஆசிரியன் செய்யவேண்டிய காரியம்தானே?

சனிக்கிழமை அவளையே திரைமுன் உட்காரவைத்தார்கள். தோலை விலக்கினாள், தசையை விலக்கினாள். குடல்பை வலப்பக்கம் இருந்தது. குதிரையைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். படத்தை மூடி, மறுபடி திறந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"இது இப்படி இல்ல டாக்டர்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அவசரமில்லம்மா. எத்தனை தடவ வேணும்னாலும் திருப்பிப் பாரு" என்றேன். கோபப்படவில்லை. அதைக் குழுவில் இருந்தவர்களே அப்புறம் பாராட்டினார்கள்.

அறுவைத் துறை ஹில்மி கொஞ்சம் குறும்புக்காரர். "ஏம்மா, உனக்குச் சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னாவது தெரியுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சும்மா இருந்தால் நன்றாக இருந்திருக்காது. ரத்வா சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

அவளோடு படித்தவர்கள் சிலரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கண்ணெதிரே திரை இருக்கும்போது அதை மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? ஞாபகமில்லை என்றார்கள். அவள் பயிற்சியை ரத்து செய்தார்கள், பட்டமும் கிடையாது என்றார்கள். பொய் சொன்னதற்காக இன்னும் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்றார் ஹில்மி. வேண்டாம், குழப்பத்தில் சொல்லியிருக்கிறாள், பொய் இல்லை என்று நான்தான் வாதாடினேன். குறிப்பில் இருக்கும், பாருங்கள்.

சில மாதம் கழித்து மெத்வல்லி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "டாக்டர் பே, பொண்ணு வீட்டுக்குள்ளயே கெடக்கா. ரோட்டத் தாண்டும்போது எந்தப் பக்கம் பாக்கணும்னு தங்கச்சிகிட்ட கேக்குறா. தொழுகையில சலாம் குடுக்கும்போது எந்தப் பக்கம் மொதல்ல திரும்பணும்னு தெரியாம அப்படியே உக்காந்திருக்கா. அவ கண்ணால பாத்தது பொய்னு ஆனப்புறம் எதத்தான் நம்புவா? நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பா."

போனேன். அவளிடம் அமைதியாகப் பேசினேன். "உன் கண்ணு உன்னை ஏமாத்திடுச்சு, அவ்வளவுதான். எல்லாருக்கும் நடக்கிறதுதான்மா" என்றேன். தலையாட்டினாள். கல்லூரியில் பேசி என் ஆய்வகத்திலேயே அவளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தேன். யார் செய்வார்கள் இதை? மெத்வல்லி என் கையை முத்தமிட வந்தார், நான் இழுத்துக்கொண்டேன்.

இப்போது நீங்கள் வந்திருப்பது மின்யாவில் நடந்ததற்காக. ஹானி நல்ல பையன், அதே வகுப்பு. வண்டிக்குதிரைக்கு இடப்பக்கம் ஊசி குத்தியிருக்கிறான். குதிரை சரிந்து வண்டிக்காரர் மேல் விழுந்திருக்கிறது. அவருக்கு மூன்று குழந்தைகள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஹானியும் ரத்வா சொன்னதையே, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் சொல்கிறானாம். அந்த வகுப்பில் படித்தவர்களுக்கெல்லாம், குதிரை தப்பு, வலப்பக்கம்தான் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். எழுத உட்கார்ந்ததுண்டு. எழுதியிருந்தால் ரத்வாவுக்கு எல்லாம் தெரிந்துபோயிருக்கும். அப்போதுதான் கொஞ்சம் தேறிவந்த பெண். அவளை மறுபடி குழப்ப எனக்கு மனசு வரவில்லை.

ஆமாம், குதிரை தப்பாக இருந்தது. தெரிந்தே விட்டேன். விசாரணைக்கு முதல் நாள் நானே மாற்றினேன். அவள் சொன்னது முழுக்க உண்மை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் நான் அவளை வதைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், கூப்பிட்டுக் கேளுங்கள். எதைக் கேட்டாலும் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். நீங்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அவளுக்கு என்மேல் அவ்வளவு மரியாதை.