எல்லைக்கு இந்தப் பக்கம்

— சோத்த எடுத்து உள்ள வையி மங்களம். எனக்கு ஒண்ணும் எறங்காது.

— ராத்திரி பூரா காட்டுல கெடந்துட்டு வந்திருக்கீங்க, ஒரு வாய் கோப்பியாவது குடிங்க. என்னாங்க இது, சட்டையெல்லாம் ரத்தம்?

— என் ரத்தமில்ல. பாப்பாவோடது. நாங்கதான் தூக்கி லாரியில போட்டோம்.

— அய்யோ சாமி! நீங்க பேரு வச்ச அந்தச் சியாம் புலியா?

— அதான் லா. சுட்டுட்டாங்க.

— மலையேறிருச்சு, விடிஞ்சா சியாமுக்குள்ள போயிரும்னு சிரிச்சுக்கிட்டுத்தான நேத்து வேலைக்குப் போனீங்க!

— ஏறுச்சு. பாதி மலை ஏறுனது திரும்பி எறங்கிருச்சு. நம்ம எஸ்டேட்டுல செம்பனை நடுறதுக்கு அழிச்சாங்களே பழைய ரப்பர் காடு, அந்த ஓரத்துல, முனியாண்டி கல்லுக்கிட்ட எவனோ ஆட்டக் கட்டி வச்சிருக்கான். அது கத்த, இது வந்து அடிச்சிருச்சு.

— முனியாண்டி கல்லுக்கிட்டயா?

— ஆமா. ஏன் ஒரு மாதிரி ஆயிட்ட? உக்காரு.

— ஒரு ஆட்டுக்காகவா சுட்டாங்க?

— மாட்டுக்காரன் பத்துமலையோட கன்னுக்குட்டிய அடிச்சப்பவே ஊரு கொதிச்சுச்சுல்ல. எங்க வனவிலங்கு இலாகா ஆபிசரும் சியாம் ஆபிசரும் கிரிக் டவுன்ல ஒரே மேசையில உக்காந்து பேசுனாங்க. தானா எல்லை தாண்டிருச்சின்னா அந்தப் பக்கம் அவங்க காப்பாத்துவாங்க. இந்தப் பக்கம் இன்னொரு வளப்புப் பிராணியத் தொட்டா சுட்டுறணும். அதான் முடிவு.

— சுடுவாங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேங்க.

— எப்படிச் சொல்ல? ஊருக்குத் தெரிஞ்சா எவனாச்சும் வேணும்னே ஆட்டக் கட்டிருவான்னு ஆபிசர் எங்க வாயக் கட்டிட்டாரு. பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடாதன்னாரு. நானும் விடல.

— சொல்லியிருக்கலாம். எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்.

— சொல்லி என்ன ஆயிருக்கும்? என்னாத்த சொல்ல... எங்ககூட புலி தேடுற அந்தச் சியாம்காரனுக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. நான் கூப்புடுறதக் கேட்டு ‘பாப்பா’ மட்டும் கத்துக்கிட்டான். இப்பவும் செத்தது மேல கைய வச்சுக்கிட்டு அதையேதான் சொல்றான். நாங்க மாட்டுன கழுத்துப் பெல்ட்டு இன்னும் சிக்னல் குடுத்துக்கிட்டே இருக்கு மங்களம். மெசினு டிக்கு டிக்குங்குது. நிறுத்துறதுக்கு ஒருத்தனுக்கும் கை வரல.

— தண்ணியாவது குடிங்க.

— பாராங் கத்திய எங்க வச்ச?

— எதுக்கு?

— பத்துமலையப் பாக்கப் போறேன். அவன் மச்சான் எங்க ஆபீசுலதான் தோட்டக்காரன். காதுல வாங்கிச் சொல்லியிருப்பான். கன்னுக்குட்டி போன ஆத்திரம், கட்டிட்டான்.

— அந்தாளு இல்லங்க.

— நீ பாத்தியா? ஆட்டுல மிஞ்சுனது ஒத்தக் காலும் கயிறுந்தான். கயித்துல மஞ்சத்துணி, வேப்பிலை. சந்தேகம் வரக்கூடாதுன்னு நேந்துவிட்ட ஆடு மாதிரி சோடிச்சிருக்கான், திருட்டுப்பய.

— நெசமாவே நேந்த ஆடா இருந்தா? ஒரு ராத்திரி முனியாண்டி முன்னால நிக்கணும், விடிஞ்சுதான் வெட்டணும். அதான நம்ம வழக்கம்?

— புலி நடமாடுற எடத்துலயா? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆசுபத்திரியில இருந்து தப்பிச்சு வந்தவன்தான் கட்டுவான்.

— புலிதான் மலையேறிருச்சே. அத நம்புனவங்க கட்டியிருக்கலாம்ல?

— என்னா நீ, அவனுக்கு இப்படி வக்காலத்து வாங்குற? பாராங்கு இங்கதான கெடக்குது, எடுத்துக்கிட்டேன். தள்ளு லா, வாசல விடு.

— விடமாட்டேன். மொதல்ல பாராங்கக் கீழ போடுங்க.

— மங்களம், பால் வெட்டுன காலத்துல ஒருத்தன் என்னை மனுசனா மதிச்சதில்ல. இந்த வேலையிலதான் ரெண்டு நாட்டுக்காரனும் என் பேரச் சொல்லிக் கூப்புட்டான். பாப்பா அந்தப் பக்கம் போயிட்டா போதும், இந்த ஜென்மத்துக்கு வேற ஒண்ணும் வேணாம்னு உங்கிட்டதான எத்தன தடவ சொன்னேன்? அத ஒருத்தன் வேணும்னே கொன்னுட்டான். கைய எடு.

— எத்தன தடவ சொன்னீங்க... அதனாலதாங்க. நீங்க போன பெறகு ராக்காயி அக்காகிட்ட கெடா வாங்கி, ‘பாப்பா நல்லபடியா எல்லை தாண்டிறணும், முனியாண்டி’ன்னு நாந்தான் நேந்து கட்டுனேன்.