விழாத பெட்டிகளின் கணக்கு

திருவொற்றியூர் சரக்குப் பெட்டக முனையத்தின் கணினிப் பிரிவுக்குக் கண்ணாகவும், உண்ட பின் உறங்க நினைக்கும் எங்களுக்கு ஓயாத உபத்திரவமாகவும் விளங்கிய அன்புக்கரசி அம்மையீர்! வணக்கம்.

ஒரு கையில் மீன்குழம்புச் சோறும் மறு கையில் புத்தகமுமாக நீங்கள் அமர்ந்த பிறகு கேன்டீனில் எவரும் நிம்மதியாக உண்டதில்லை. அணுவுக்குள் பெரும்பகுதி வெற்றிடம் என்று படித்துச் சொன்னீர்கள். அன்று முதல் நாற்காலியைத் தட்டிப் பார்த்தே அமர்கிறோம். தவறென்று நிரூபிக்க வழியே இல்லாத கூற்று அறிவியல் ஆகாது என்றீர்கள்; அதை நம்பி மனைவியின் கூற்றொன்றைச் சோதிக்கப் போய், இம்மடல் வரைந்த கேட் கிளார்க் தாமஸ் பட்டினி கிடந்தான்.

ஆயினும் இன்று எங்கள் கோபம் உங்கள் மீதல்ல.

கிரேன் ஓட்டுநர்களை, மணிக்கு எத்தனை பெட்டி தூக்கினார்கள் என்று தரம் பிரிக்கும் மென்பொருள் சென்ற ஆண்டு வந்தது. கடைசி இடம் பக்ருதீனுக்கு. கடைசியானவருக்கு வேலை இல்லை என்றது நிர்வாகம். "கீய ஆளு போய்கினு இருந்தா நிறுத்திடுவேன் மேடம். அத்த இந்தக் கம்ப்யூட்டரு எழுதாதா?" என்று உங்களிடம் வந்து நின்றார் அவர்.

நீங்கள் நேரே மேலாளர் அறைக்குப் போனீர்கள். "இவர் நிறுத்தியதால் விழாத பெட்டியை, சாகாத மனிதனை, இது எந்தக் கட்டத்தில் எழுதுகிறது?"

"அதுக்குக் கட்டமே இல்லையேம்மா. நான் என்ன செய்ய?"

"கட்டம் வைக்காதது நாம்தான் சார். எண்ணாமல் விட்டதை இல்லை என்று எழுதினால் அது பொய்."

பிரிவின் தலைவியான நீங்கள் கையெழுத்திட மறுத்ததால் அந்தத் தரவரிசை அறிக்கை மேலே போகவில்லை. பக்ருதீன் கிரேனில் இருக்கிறார். உங்களுக்கோ, வர வேண்டிய பதவி உயர்வு போய், உடைந்த மேசைகளோடு ஒரு மூலை அறை கிடைத்தது. இன்றைய பணி ஓய்வு விழாவுக்கு ஊழியர் மன்றத்தைக் கேட்டோம், பழுதுபார்க்கிறார்களாம். உள்ளே கேரம் காய் விழும் சத்தம் கேட்டது. முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்த ஒருவருக்கு இட்லிக் குண்டான்களுக்கு நடுவே விடைகொடுக்கிறோமே, இந்த வெட்கம் எங்களுடையதன்று.

கடைசி ஆண்டில் நீங்கள் சாதித்தது என்ன என்று அதே மென்பொருளிடம் கேட்டுப் பார்த்தோம். திரை வெறுமையாக இருந்தது. இருக்கட்டும் அம்மா. அந்த வெற்றிடத்தில்தான் நாங்கள் கைகால் முழுசாக நிற்கிறோம்.

கண்ணொளி குன்றாமல், கேள்வி குறையாமல், எவர் உறக்கத்தையும் விட்டுவைக்காமல் நெடிது வாழ்க.

இங்ஙனம்,
கிரேனுக்குக் கீழே நடந்து வீடு திரும்பியவர்கள்