கணக்காளர் சொன்ன “பாப்பம்”

விடத்தல்தீவு பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்: “அந்த மனுசன் ‘இல்லை’ எண்டு சொல்லியிருந்தா நாங்கள் தப்பியிருப்பம்.”

“ஆர் அக்கா?”

“தேர்தலில வெண்டு மாகாண சபைக்குப் போனாரே, எங்கட மீன்பிடிச் சங்கத்துக் கணக்காளர். முந்தி எதைக் கேட்டாலும் ஓம், இல்லை எண்டு முகத்துக்கு நேர சொல்லுவார். சண்டை முடிஞ்சு மீள்குடியேறி வந்து, அவர் சபையில இருக்கேக்க வள்ளம் கேட்டம். ‘பாப்பம்’ எண்டார். அவர் சும்மா சொல்லமாட்டார் எண்டு நம்பி, கோயில் சுவாமியார் தரவந்த வள்ளத்தை வேற ஆக்களுக்குக் குடுக்கச் சொல்லிட்டம்.”

“பிறகு?”

“என்ர வீட்டுக்காரர் இண்டைக்கும் ஆரோ ஒருத்தரிட வள்ளத்திலதான் கூலிக்குப் போறார்.”

“கணக்காளர் இப்ப எங்க?”

“சபை முடிஞ்சு, பாராளுமன்றத் தேர்தலில தோத்து, திரும்பவும் சங்கத்திலதான். நேற்று வலை கேட்டுப் போனனான். நிமிர்ந்தும் பாக்காமல் ‘இல்லை’ எண்டார்.”

“கோவம் வரேல்லையோ?”

“இல்லையடி. பழைய மனுசனைக் கண்ட மாதிரி இருந்தது. அழுதிட்டன்.”