ஒற்றைக் கட்டில் விளம்பரம்

உங்கள் மேசைக் கணினியில் பெண்கள் செருப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது சார். குறையாகச் சொல்லவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணில் பட்டது. யாரோ இதில் ஒரு செருப்புக் கடைப் பக்கத்தைத் திறந்து, ஒரு ஜோடியைப் பார்த்துவிட்டு, வாங்காமல் போயிருக்கிறார்கள். வாங்காமல் போகிறவர்களை விடாமல் பின்தொடர்வதுதான் என் தொழில்.

வீட்டுச் சாமான்கள் விற்கும் ஓர் இணையக் கடையில் விளம்பரப் பிரிவில் இருக்கிறேன். இருந்தேன். நீங்கள் எங்கள் பக்கத்துக்கு வந்தவுடன் உங்கள் பிரவுசரில் ஒரு சின்னக் குறிப்பைப் போட்டு வைப்போம். அதற்குக் குக்கீ என்று பெயர். கூடையில் போட்ட சாமான் மறுநாளும் அப்படியே இருப்பதும், ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பதும் அதனால்தான். அது சாதுவான குக்கீ. விளம்பரக் கம்பெனிகள் போடுவது வேறு ரகம். எங்கள் கடையில் ஒரு மெத்தையை நின்று பார்த்தீர்களென்றால், நீங்கள் செய்தி படிக்கப் போகும் இடத்திலும் பாட்டுக் கேட்கப் போகும் இடத்திலும் அந்த மெத்தை வந்து நிற்கும். ஆபீசில் என்னை ஒட்டுப்புல் என்று கூப்பிடுவார்கள். பாசமாகத்தான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பெடுப்பேன். குக்கீக்கு ஆளைத் தெரியாது, பிரவுசரைத்தான் தெரியும் என்றுதான் ஆரம்பிப்பேன். ஒரே கணினியில் அப்பா உட்கார்ந்தாலும் மகள் உட்கார்ந்தாலும் அதற்கு எல்லாம் ஒரே ஆள். இதை மறந்தால் மாமியாருக்கு மீசை கத்தரிக்கும் மிஷின் விற்றுக்கொண்டிருப்பீர்கள் என்பேன். சிரிப்பார்கள்.

ஊரையே பின்தொடர்கிறவன் என்பதால், என் வீட்டுக்குள் யாரும் பின்தொடர்ந்து வரக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு. ஹாலில் ஒரே கணினி. எந்தப் பக்கம் கேட்டாலும் 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பதை அழுத்தக் கூடாது. மறுக்கும் பொத்தானைச் சின்ன எழுத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள், தேடிப் பிடித்து அழுத்த வேண்டும். எழுந்து போகும்போது செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய்க் குக்கீகளை அழித்துவிட வேண்டும். ஆனால் ஹிஸ்டரியைத் தொடக் கூடாது. மனைவி எந்தெந்தப் பக்கத்துக்குப் போனாள் என்பது அதில்தானே இருக்கும். அது எனக்கு. வெளியாள் பார்க்கக் கூடாது, வீட்டுக்காரன் பார்க்கலாம். இதில் என்ன தப்பு?

என் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தாள். கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. கல்யாணமான புதிதில் ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று 'அனைத்தையும் ஏற்கிறேன்' அழுத்திவிட்டாள். சாயங்காலம் பக்கத்தில் உட்கார வைத்து, மவுஸ் மேல் அவள் கையை வைத்து, அதன் மேல் என் கையை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். தப்பான இடத்துக்குப் போனால் அழுத்தும் விரலை மட்டும் பின்பக்கமாக மடக்குவேன். கடைசியில் சத்தம் கேட்டது. ஆட்காட்டி விரல் அதற்கப்புறம் முழுசாக மடங்கவில்லை, பேனா பிடிக்க நடுவிரலைப் பழக்கிக்கொண்டாள். பாடமும் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒருநாள்கூடத் தவறியதில்லை, நானே பாராட்டியிருக்கிறேன்.

பிறகு அவள் தங்கை வந்தாள். சின்னவள் என்போம். கண் மருத்துவமனையில் நர்ஸ், ஷிப்ட் வேலை. தங்க இடம் கிடைக்கும்வரை எங்கள் உள் அறையில் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். என்னைக் கண்டால் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். மரியாதை என்று நினைத்தேன். ஒருநாள் போனில் சத்தமாகப் பேசினாள். போனை வாங்கினேன், அது என் கையிலிருந்து போய்ச் சுவரில் பட்டு உடைந்துவிட்டது. துண்டுகளை அவளே பெருக்கி எடுத்துப் போட்டாள். நல்ல பெண்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் செய்தி படிக்க உட்கார்ந்தேன். பக்கத்தின் ஓரத்தில் ஒற்றைக் கட்டில். எங்கள் கடைக் கட்டில்தான், அந்த விளம்பர வாசகத்தை எழுதியதே நான். அதற்குக் கீழே துறைமுகத்துப் பக்கம் வாடகைக்கு ஓர் அறை, பெண்களுக்கு மட்டும். அடுத்த பக்கத்தில் கதவுக்கு உள்பக்கம் போடும் தாழ்ப்பாள். ஹிஸ்டரியைத் திறந்தேன். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை சார். பயம்தான் வந்தது. மனைவி போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருக்குச் சொல்லிக்கொடுப்பேன்? குக்கீகளை அழித்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் சாயங்காலம் கட்டில் திரும்ப வந்து நின்றது. மதியத்தில் பல் மருத்துவமனையை மூடுவார்கள், அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். கணக்குச் சரியாக இருந்தது. சாப்பாடு போடும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். எப்போதும் போலத்தான் இருக்கும். எவ்வளவு அழுத்தக்காரி என்று தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படியில் அலமாரி மாட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நாளாக அவள் கேட்டது. கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள். பேச நல்ல நேரம் என்று பட்டது.

"எப்ப கிளம்புற?"

"எங்கங்க?"

"துறைமுகத்துப் பக்கம்."

"எனக்கு ஒண்ணும் புரியலைங்க."

"ஒத்தக் கட்டில் பாத்தியே. தாழ்ப்பாள் பாத்தியே."

"சத்தியமா இல்லைங்க. உங்கள விட்டுட்டு நான் எங்க போகப்போறேன்?"

சுத்தியலோடு கீழே இறங்கி வந்து, நிதானமாகத் திரும்பக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். அப்போது அவள் உள் அறைப் பக்கம் பார்த்தாள். கொடியில் சின்னவளின் இன்னொரு வெள்ளைச் சீருடை தொங்கியது. அவள் முகம் சட்டென்று மாறியது.

"ஆமாங்க. நான்தான் பாத்தேன்."

அவள் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடித்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். முதல் அடி காதுக்கு மேலே. கை ஓங்கவில்லை, ஆணி அடிக்கிற மாதிரி மணிக்கட்டிலிருந்துதான் அடித்தேன். டப்பா கவிழ்ந்து ஆணிகள் சிதறின. கீழே விழுந்தவள் அவற்றைப் பொறுக்கப் பார்த்தாள், பழக்க தோஷம். அந்த விரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் விழுந்த அடிகளை நான் எண்ணவில்லை, உங்கள் டாக்டர் எண்ணியிருப்பார். பற்கள் ஆணிகளோடு கலந்து கிடந்தன. பலகையில் தெறித்ததை உடனே துணியால் துடைத்தேன், விட்டால் மரத்தில் ஊறிவிடும். பிறகு அலமாரியை மாட்டி முடித்தேன். ஒரு வேலையைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கில்லை.

சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது நான் ஆணிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உன் அக்கா ஓடப் பார்த்தாள், அதனால்தான் என்று விளக்கினேன்.

"அது நான் மாமா" என்றாள். "எனக்கு ரூம் பாத்தேன். உங்களப் பாத்தா பயம். அக்காவையும் கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டா. நீங்க மாறிடுவீங்கன்னு சொன்னா. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ஹிஸ்டரிய அழிச்சேன்."

"குக்கீய அழிச்சியா?"

"அப்படின்னா என்ன மாமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹிஸ்டரியை அழித்தால் போன இடத்தின் பெயர்தான் போகும், அங்கே போட்ட குறிப்பு போகாது. நிறையப் பேர் செய்கிற தவறு. என் மனைவி செய்யமாட்டாள். அவள் மறைக்க நினைத்திருந்தால்கூடக் கை தானாகப் போய்க் குக்கீயை அழித்திருக்கும், ஹிஸ்டரிப் பக்கமே போயிருக்காது. அந்த விரலுக்கு அது தெரியும். ஒரு நிமிடம் அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. என் வீட்டில் நான் சொன்னபடி நடந்த ஒரே ஆள்.

சின்னவள் குளியலறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள். நான் கதவை உடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். தட்டினேன் என்று திருத்துங்கள். சுத்தியல் கையில் இருந்ததால் சத்தம் பெரிதாகக் கேட்டிருக்கும். பலகை பிளந்த இடத்தில் வாயை வைத்து, "கைய மட்டும் வெளிய நீட்டு, சொல்லித்தரேன்" என்றுதான் சொன்னேன். அவளுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டாமா? அதற்குள் மாடிவீட்டுக்காரர்கள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆமாம், என் மனைவியைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

எழுந்து போவதற்கு முன் உங்கள் கணினியில் அந்தக் குக்கீகளை அழித்துவிடுங்கள் சார். செருப்பு விளம்பரத்தைப் பார்த்து வேறு யாராவது தப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். எல்லோரும் என்னை மாதிரி பொறுமையாகக் கேட்டு விசாரிக்க மாட்டார்கள்.