பொத்தேரி மாளவிகா

மத்தியானம் தூங்கும் பழக்கம் எனக்கு இல்லை, ரசாக் பாய். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

ஊரப்பாக்கத்தில் ரிட்டையர் ஆனவன் மத்தியானத்தில் என்ன செய்வான்? தண்ணீர் லாரி வந்ததா என்று பால்கனியிலிருந்து பார்ப்பான். அதுவும் வந்துவிட்டால் வேறு வேலை கிடையாது. எதிர் வீட்டில் உங்கள் பெரிய பெண் தபஸ்ஸும், டாக்டர் படிப்புக்கான நீட் தேர்வுக்கு இரண்டாம் வருஷமாகக் கெமிஸ்ட்ரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தாம்பரத்துக் கோச்சிங் சென்டர் ஒன்று ஞாயிறுதோறும் போனிலேயே கெமிஸ்ட்ரிக்கு மட்டும் பயிற்சித் தேர்வு வைக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அவள்தான் சொன்னாள். யார் வேண்டுமானாலும் என்றால் அதில் நானும் உண்டுதானே?

குரோம்பேட்டைத் தோல் கம்பெனி ஒன்றில் ஆயுசெல்லாம் கெமிஸ்டாக இருந்தவன் நான். ஆர்கானிக் எனக்கு அல்வா. இன்ஆர்கானிக்கில் குரோமியம் ஒன்றுவிட்ட தம்பி. சுற்றுச்சூழல் வேதியியலைச் சொல்லவே வேண்டாம்; அந்தப் பாடத்தில் வரும் அசுத்தத்தில் பாதி நானே ஏரியில் விட்டது. ஷ்யாம்சுந்தர், வயது எழுபத்திரண்டு என்று போட்டால் பிள்ளைகள் சிரிக்கும். 'மாளவிகா, பொத்தேரி' என்று போட்டேன். முதல் வாரமே மாளவிகா முதலிடம். ஜி.எஸ்.டி. ரோட்டு வண்டியெல்லாம் எனக்காகவே ஹாரன் அடித்த மாதிரி இருந்தது.

தபஸ்ஸும் இரண்டாவது. எல்லா வாரமும்.

"அங்கிள், அந்த மாளவிகா பொண்ணே இல்ல, பேய்" என்று என்னிடமே வந்து அழுவாள். பிஸ்கட் கொடுப்பேன். போட்டி இருந்தால்தான் பிள்ளை முன்னேறும் என்பது என் கொள்கை. நீங்கள் என்ன செய்தீர்கள்? "பொத்தேரி பொண்ணால முடியுது, உன்னால இன்னாத்துக்கு முடியல? கடைசி டெஸ்ட்லயாவது அவள முந்து. இல்லாட்டி பேசாம பி.காம் சேந்துடு" என்று மாடி முழுக்கக் கேட்கக் கத்தினீர்கள். நான் ஒரு நாளும் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை.

கடைசித் தேர்வுக்கு முந்தின சாயங்காலம் சந்தேகம் கேட்க வந்தாள்.

"அங்கிள், புகைமூட்டம் ரெண்டு வகை இருக்குல்ல? ஆக்ஸிடைசிங் எது, வெயில்ல வர்றதா, குளிர்ல வர்றதா? எனக்கு எப்பவும் மாறிப்போகுது."

வெயிலில் வருவதுதான். அது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் சில வாரங்களாக அவள் மார்க் என் குதிகாலை உரசிக்கொண்டிருந்தது.

"குளிர்ல வர்றதுதாம்மா" என்றேன். "கண்ண மூடிக்கிட்டுப் போடு."

மறுநாள் அந்தக் கேள்வியே வந்தது. வரவேண்டிய நாலு மார்க் போய், தப்புக்கு இன்னொரு மார்க்கையும் பிடித்துக்கொண்டார்கள். மாளவிகா மூன்றே மார்க்கில் ஜெயித்தாள்.

என் போனில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தானே இப்போது கேட்க வந்திருக்கிறீர்கள்? ஆமாம், நான்தான். ஆனால் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவள் பி.காமுக்குப் போனதில் உண்மையில் கஷ்டம் எனக்குத்தான். இப்போது இரண்டாம் இடத்துக்கு வருகிறவர்களெல்லாம் எங்கேயோ பின்னால் தள்ளாடுகிறார்கள். ஜெயித்த மாதிரியே இல்லை.

உங்கள் சின்னவள் ருக்ஸானா இந்த வருஷம் பிளஸ் டூ அல்லவா? சந்தேகம் இருந்தால் சாயங்காலம் அனுப்பிவையுங்கள் பாய். பிஸ்கட் வாங்கி வைத்திருக்கிறேன்.