கழுத்தளவு

இல்ல தம்பி, அளவ போன்ல சொன்னா நான் தைக்க மாட்டேன். ஜோயல் சொல்லித்தான அனுப்பியிருப்பாரு? நாய நேர்ல கொண்டாரணும், எங் கையால நாடா பிடிச்சு அளக்கணும். ஐயாதுரைக்குத் தலக்கனம்னு ராஜபாளையம் பூராப் பேச்சு. பேசிட்டுப் போறாங்க. நம்மூரு நாய்க்குத் தலை சிறுசு, கழுத்து நீளம். கடையில விக்கிற பெல்ட்டப் போட்டு, அது பின்னுக்கு ஒரு இழுப்பு இழுத்துச்சுன்னா தலை வழியாக் கழண்டுரும். நடுவுல அகலமா இருந்து ரெண்டு பக்கமும் ஒடுங்கி வரணும். அத அளக்காம எப்படி வெட்டுறது?

உக்காருங்க, செத்த நேரம். தையலு பாதிக்கு மேல வந்துருச்சு. நாளைக்குத்தான நாய் ஷோ? நீங்க இருந்தே வாங்கிட்டுப் போயிரலாம். அது பாட்டுக்குப் படுத்துக் கெடக்கட்டும். கயித்த அந்தக் கட்டில் கால்ல சுத்தி விடுங்க.

தொழிலா? அட இல்ல தம்பி. தொழிலு பேண்டேஜ் கம்பெனியில தறி ஃபிட்டரு. இது ஆசைக்குச் செய்யிறது. யாரும் பக்கத்துல உக்காந்து சொல்லித் தரல. போன்ல ஒரு குரூப்பு இருக்கு, தோலும் நூலும்னு. அதுல தொழில்காரங்க கெடையாது. பேங்க்ல வேலை பாக்குற அம்மா, பல் டாக்டரு, காலேஜ் பய, இப்படி ஆளுக. பர்ஸு தைப்பாங்க, பை தைப்பாங்க, படம் போடுவாங்க, ஒருத்தருக்கொருத்தர் கொறை சொல்லுவாங்க. ஜோயலும் அப்படிப் பழக்கந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்காரு. கூட்டமில்லாத நேரம் கல்லாவுக்கு அடியிலேருந்து தோல எடுத்துருவாரு.

நான் மொத மொத தச்ச பெல்ட்ட நீங்க பாத்திருக்கணும். கிழிஞ்சு போன சோபாவுல இருந்து தோல உரிச்சு, கோணி ஊசியால தச்சேன். பெருமையா வேற படம் போட்டேன். திருச்சியில யோகேஸ்வரின்னு அந்த பேங்க்கம்மா, அண்ணே இது பெல்ட்டா பரோட்டாவான்னு கேட்டுச்சு. குரூப்பே சிரிச்சுச்சு. ஆனா அந்தம்மாதான் பொறவு பொறுமையாச் சொல்லுச்சு. சோபாத் தோலு ரப்பர் கணக்கா இழுபடும், அது ஆகாது. மரப்பட்டையில பதம் போட்ட தோலா வாங்குங்க, திண்டுக்கல்லுல கெடைக்கும். அதுலயும் வயித்துப் பக்கம் வாங்காதீங்க, முதுகுப் பக்கம் கேளுங்கன்னு. பாருங்க, மாட்டுக்கு வயிறு வளஞ்சு குடுக்குது, முதுகு நின்னு பிடிக்குது. செத்த பொறவும் அந்தக் கொணம் போகல.

ஓரத்த மழுக்குறதுக்குப் பல் டாக்டரு சொன்னாரு. தண்ணி தொட்டு, கெட்டித் துணிய வச்சு, சூடேறுற வரைக்கும் தேய்க்கணுமாம். துணிக்கு நம்மகிட்டப் பஞ்சமா?

தையலு மட்டும் லேசுல பிடிபடல. இங்க பாருங்க, ஒரே நூலு, ரெண்டு முனையிலயும் ஊசி. ஒரே ஓட்டைக்குள்ள அந்தப் பக்கத்துலேருந்து ஒண்ணு வரும், இந்தப் பக்கத்துலேருந்து ஒண்ணு போகும். மெஷின் தையலு ஒரு எடத்துல அறுந்தா உருவிக்கிட்டே போயிரும். இது அப்படியில்ல. ஒண்ணு அறுந்தாலும் அடுத்தது விடாது. எனக்கு என்னன்னா, இழுக்கும்போது ஓட்டை கிழிஞ்சு கிழிஞ்சு போச்சு. எம்புட்டோ தோலு வீணு. ஒரு நா ஜோயல் வீடியோவுல பாத்துக்கிட்டே இருந்துட்டு, அண்ணாச்சி, யாரு மேல உள்ள கோவத்த நூலுல காட்டுதீகன்னு கேட்டாரு.

அன்னைக்கித்தான் அவருகிட்டச் சொன்னேன்.

காபி எடுத்துக்கோங்க. எம் மக ஹெப்சிபா போட்டது. அவ வெளிய வரமாட்டா. நாயி வந்திருந்தா அவ வாசப்பக்கமே வாரதில்ல. பயமா? அவளுக்கா? நாயோட நாயாப் புரண்டு வளந்த புள்ள தம்பி அவ. சீனின்னு ஒண்ணு வச்சிருந்தா. வெள்ளை வெளேர்னு, நம்மூரு சாதிதான். அவ அம்மா தவறுன வருசம் வாங்குனது. அவ காலேஜ் விட்டு எறங்குற பஸ்ஸு சத்தம் அதுக்குத் தனியாத் தெரியும். மத்த பஸ்ஸுக்குக் காதக்கூடத் தூக்காது.

அது குட்டி போட்டிருந்துச்சு. குட்டிக இன்னும் கண்ணு தொறக்கல. அப்ப நாங்க வேற தெருவுல குடியிருந்தோம். ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் சர்ச்சுக்குப் போயிட்டு வாரோம், பின்கேட்டுப் பூட்டு அறுத்துக் கெடக்கு. பாதி தின்ன கறித்துண்டு கெடக்கு, மருந்து வாடை அடிக்கி. சீனியக் காணும். குட்டிக மட்டும் சாக்குல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மோந்து மோந்து தேடுதுக.

குட்டிகள ஏன் விட்டுட்டுப் போனான்னா? அதத்தான் நானும் யோசிச்சேன். எடுக்க வந்தவன் குட்டிகளையும் எடுத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அவனுக்குக் குட்டிக வேண்டாம். பால் குடிக்கிற குட்டி கூட இருந்தா தாயி சீக்கிரம் அடுத்த ஈத்துக்கு வராதுல்ல? வெவரம் தெரிஞ்சவன். தாயக் கட்டிப் போட்டு ஈத்துக்கு ஈத்து குட்டி எடுத்து விக்கிறவன்.

எம் மக ஆட்டுப்பாலக் காச்சி, இங்க் ஃபில்லர வச்சு ஒவ்வொண்ணு வாயிலயும் விட்டா. நெஞ்சுச் சூட்டுல வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா. ஒண்ணு ஒண்ணாப் போச்சு. கடைசியா ஒரு பொட்டைக்குட்டி, அது மட்டும் கொஞ்சம் தெம்பா இருந்துச்சு. அது பொழச்சிரும்னுதான் நெனச்சோம். அதுவும் போனப்ப அவளே குழி தோண்டினா. என்னைய மம்பட்டியத் தொட விடல. அழவும் இல்ல. அதுலேருந்து எம் புள்ள பேச்சு கொறஞ்சு போச்சு.

புகாரா? குடுத்தோம். வெள்ளை நாயெல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கும், எதை வச்சு ஒங்க நாயிங்கீகன்னு கேட்டாங்க. அவுக கேட்டதும் நியாயந்தான். நானும் படத்த வச்சுக்கிட்டு வத்ராப்பு வரைக்கும் ஊர் ஊராச் சுத்துனேன். எவன் காட்டுவான்? களவு நாய வெளிய விடுவானா?

எதுக்கு எந்திரிக்கீக? இந்தா, இன்னும் நாலு குத்துதான். போனா? ஒங்க போன உள்ள சார்ஜ்ல போட்டிருக்கா எம் மக. ஏறட்டும். போகும்போது தாரேன். உக்காருங்க தம்பி.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. நாய ஒளிச்சு வைக்கலாம், ஆனா அது ஜெயிச்சாத்தான அதோட குட்டிக்கு மவுசு? ஷோவுக்குப் போகணும்னா நல்ல பெல்ட்டு வேணும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டு ஊர்லயும் இவன்கிட்டத்தான் அந்த பெல்ட்டு கெடைக்கும்னு ஆக்கிட்டா, ஒரு நா வந்துதான ஆகணும்? அதுக்குத்தான் தோலக் கையில எடுத்தேன். பரோட்டான்னு சிரிச்சாலும் பரவாயில்லன்னு கத்துக்கிட்டேன். நாய நேர்ல கொண்டாந்தாத்தான் தைப்பேன்னு பிடிவாதம் பிடிச்சதும் அதுக்குத்தான். எம்புட்டுக் கழுத்த அளந்திருப்பேன்னு நெனைக்கீக.

இருங்க, போனு. ஜோயல்தான்.

சொல்லுங்க ஜோயல். ஆமா, இங்கதான். சரி. சரி. அம்புட்டையும் ஏத்தியாச்சா? கால் வளஞ்சு போச்சா, ஐயோ பாவம். தண்ணி குடிக்குதுகளா? சரி, நான் பாத்துக்கிடுதேன்.

இப்ப எந்திரிக்கணும்னா எந்திரி. ஆனா போறதுக்கு ஒனக்கு எடம் இல்ல தம்பி. கான்சாபுரத்துல ஒந் தோப்புக் கொட்டகைய போலீஸு தொறந்துட்டாங்க. நாயக் களவு குடுத்தவுக எல்லாரும் அங்கதான் நிக்காவ. பெல்ட்டுக்கு ஆர்டர் பிடிக்க வாரேன்னு ஜோயல் ஒந் தோப்புக்கு வந்தாரே, அன்னைக்கே கட்டிக் கெடந்த தாய்நாய்கள எல்லாம் படம் பிடிச்சுட்டாரு. நீ அங்க இருந்தா, கூட்டம் வாரதக் கண்டு பின்பக்கமா ஏத்தி விட்டுருவ. அதான் ஒன்னய இங்க இழுத்தோம்.

இந்த நாயச் சந்தையில வாங்குனியா? நல்லது, அத அவியகிட்டச் சொல்லு. காலையில அது எங் கைய மோந்து வாலாட்டுச்சே, நாய் பழகுனவன்னு நெனச்சியாக்கும்? நாடா பிடிக்கும்போது எங் கை அதோட வலது தொடைக்குள்ள போச்சே, கவனிச்சியா? முள்வேலியில கிழிஞ்சு மாட்டாஸ்பத்திரியில தையல் போட்ட தழும்பு. எதை வச்சுன்னு கேட்டாங்கல்ல, அதுக்கு நான் புகாருல எழுதிக் குடுத்தது அதத்தான். கைக்குத் தட்டுப்பட்ட ஒடனே ஒஞ் சங்கப் பிடிக்கத்தான் தோணுச்சு. கத்தி வேற பக்கத்துலதான் கெடந்துச்சு. கதவிடுக்குல ஹெப்சி நின்னுக்கிட்டு, வேண்டாம்ப்பா, மத்த தாய்க எல்லாம் வெளிய வரட்டும்னு தலைய ஆட்டுனா. கூப்புட வாய் வந்தும் சீனியக் கூப்புடாம பல்லக் கடிச்சுக்கிட்டு அம்புட்டு நேரமும் நின்னா பாரு, அவளுக்காகத்தான் நான் பேசிக்கிட்டு இருந்தேன்.

இது அரை மணி நேரத்துல முடியிற தையலு தம்பி. காலையிலேருந்து தச்சுத் தச்சுப் பிரிச்சுக்கிட்டு இருக்கேன். தோலப் பத்தித் தெரிஞ்சவனா இருந்தா நீ அப்பவே எந்திரிச்சுப் போயிருப்ப.

ஹெப்சி, வெளிய வாம்மா. வந்து நீயே அவுத்து விடு.

நீ உக்காரு, காபி ஆறுது. எஸ்.ஐ. நேரா இங்கதான் வாராராம்.